வலையமைப்புக் கண்காணிப்பு வரைபடம்

வலையமைப்புக் கண்காணிப்பு வரைபடம் என்பது வழங்கிகள், சுவிட்சுகள், ரவுட்டர்கள் முதலிய கருவிகளையும் அவற்றிடையே உள்ள இணைப்புகளையும், அவற்றின் அப்போதைய நிலையோடு சேர்த்து உலாவியில் காட்டும் படம் ஆகும். கருவிகள் கணுக்களாகவும் இணைப்புகள் கோடுகளாகவும் வரையப்படுகின்றன. இயங்குவதற்குப் பச்சை, எச்சரிக்கைக்கு மஞ்சள், நின்றுபோனதற்குச் சிவப்பு என்பது பெருவழக்கு. இவ்வரைபடத்தையும் பயன்பாட்டு அளவுகளின் கோட்டுப்படங்களையும் ஒரே பக்கத்தில் தொகுத்துத் தருவது டாஷ்போர்டு எனப்படுகிறது.

வரலாறு

கருவிகளை வினவி விவரம் பெறுவதற்கான எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை 1988-இல் வெளியானது. அவ்வாறு பெற்ற அளவுகளை உலாவியில் படமாகக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியது எம்.ஆர்.டி.ஜி. என்னும் கட்டற்ற மென்பொருள். டோபியாஸ் ஏட்டிக்கர் என்பவர், தாம் பணிபுரிந்த இடத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே 64 கிலோபிட் இணைப்பைக் கவனிப்பதற்காக அதனை எழுதத் தொடங்கினார். 1995-இல் அது வெளியானது. 1999-இல் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்ட நெட்செயின்ட், 2002-இல் நாகியோஸ் என்று பெயர் மாறியது. கிராஃபானா 2014-இல் வந்தது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. இன்று அலுவலகச் செயலிகளுக்காக அறியப்படும் ஜோஹோ நிறுவனம், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருள்களைச் செய்தே வளர்ந்தது. 2009-இல்தான் பெயர் மாறியது. அதன் ஆப்மேனேஜர் என்னும் மென்பொருளில் இத்தகைய வரைபடங்கள் உள்ளன.

தலைப்பும் கடைமடையும்

வெறும் பட்டியலால் இயலாத ஒன்றை வரைபடம் செய்கிறது. எது எதனைச் சார்ந்துள்ளது என்பதை அது காட்டுகிறது. காவிரிப் படுகையின் ஆற்று வரைபடம் இதற்கு நல்ல ஒப்புமை. திருவாரூர் மாவட்டத்தில், நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. பாமணியாற்றுப் பாசனத்தில் பல ஊர்களின் வாய்க்கால்கள் ஒரே நாளில் வறண்டால், விவரமறிந்தவர் ஒவ்வொரு வாய்க்காலாகத் தோண்டிப் பார்க்கமாட்டார். முதலில் தலைப்பின் மதகைப் பார்ப்பார்.

வழங்கிகளின் நிலையும் இதுவே. ஒரு சுவிட்ச் நின்றால் அதற்குப் பின்னுள்ள 40 வழங்கிகளும் பதில் தரா. சார்பு அறியாத மென்பொருள் 41 சிவப்புப் புள்ளிகளைக் காட்டி, 41 எச்சரிக்கைகளை அனுப்பும். நள்ளிரவில் எழுப்பப்பட்ட பணியாளர் எதிலிருந்து தொடங்குவார்? நாகியோசில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் 'பெற்றோர்' எது என்று குறிப்பிடலாம். அப்போது சுவிட்ச் மட்டும் 'நின்றது' என்றும், மற்றவை 'எட்ட முடியாதவை' என்றும் பிரித்துக் காட்டப்படும். பின்னவற்றில் பழுது இருக்கவேண்டும் என்பதில்லை.

இங்கு ஒன்றை மறக்கக்கூடாது. வரைபடம் கண்காணிக்கும் கணினி நிற்கும் இடத்திலிருந்து வரையப்படுவது. அக்கணினியின் இணைப்பே அறுந்தால் உலகமே சிவப்பாகத் தோன்றும். ஆகவே வேறோர் இடத்திலிருந்தும் கண்காணிப்பது நலம்.

பச்சை நிறத்தின் பொய்கள்

எம்.ஆர்.டி.ஜி. வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை வினவுகிறது. ஓர் இணைப்பு 1 நிமிடம் முழுக்க நிரம்பி, மீதி 4 நிமிடமும் 10 விழுக்காடே பயன்பட்டால், சராசரி 28 விழுக்காடு. படம் பச்சையாகவே இருக்கும். அந்த 1 நிமிடத்தில் பயனர் தவித்தது தெரியாது. ஆண்டுப் படத்திலோ ஒரு நாளின் 288 அளவுகள் ஒரே புள்ளியாகச் சுருங்குகின்றன. ஏட்டிக்கரே 1999-இல் வெளியிட்ட ஆர்.ஆர்.டி.டூல் சராசரியோடு உச்ச அளவையும் சேமிக்க வல்லது. ஆனால் அதனைக் கேட்டு அமைக்கவேண்டும்.

இதைவிட நுட்பமான பொய் ஒன்றுண்டு. கருவியில் பைட்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணி ஏறத்தாழ 429 கோடியைத் தாண்டினால் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு நிரம்பி ஓடினால் இதற்கு 343 நொடிகள் ஆகும். 5 நிமிட வினவலுக்கு இது போதும். நொடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பிலோ 34 நொடிகளே ஆகும். இரு வினவல்களுக்கிடையில் எண்ணி பலமுறை சுற்றிவிடுவதால், நிரம்பி வழியும் இணைப்பு ஏறக்குறையச் சும்மா இருப்பதாகத் தெரியலாம். எனவே விரைவான இணைப்புகளுக்கு 64 பிட் எண்ணிகளையே வினவவேண்டும்.

கண்காணிப்பு மென்பொருளே நின்றுபோனாலும், உலாவியில் கடைசியாக வந்த பச்சைப் படம் அப்படியே நிற்கக்கூடும். இதனால் பக்கத்தில் இறுதியாகப் புதுப்பித்த நேரம் கண்ணில் படும்படி இருத்தல் இன்றியமையாதது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் இப்படத்தைப் பார்ப்பார்கள் என்பதால், நிறத்தோடு வடிவத்தையும் மாற்றிக் காட்டுவது நல்ல வழக்கம்.