தவளை தந்த வாள்

தவளை தன் வாயாற் கெடும் என்பது பழமொழி. ஆயின், அது தன் தோலால் வாழ்கின்றது என்பதைப் பலர் அறியார். தவளை வாழும் குட்டையிலும் சேற்றிலும் எண்ணற்ற கிருமிகள் உள்ளன. எனினும், அதன் மெல்லிய தோலில் உண்டாகும் புண், சீழ் பிடிக்காமல் ஆறிவிடுவதுண்டு. இதன் காரணம் யாது? அமெரிக்க அறிஞர் மைக்கேல் சாஸ்லாஃப், ஆப்பிரிக்கத் தவளைகளை ஆராய்ந்து 1987ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டார். கிருமிகளைக் கொல்லும் சிறு புரதத் துணுக்குகள் அத்தோலில் சுரக்கின்றன. அவற்றைப் பெப்டைடுகள் என்பர்.

இன்புளுயன்சா வைரசு அடிக்கடி உருமாறும் இயல்புடையது; அதனால் பழைய மருந்துகள் சில ஆற்றல் இழக்கின்றன. பறவைகளைத் தாக்கும் அதன் ஒருவகை, சிற்சில வேளைகளில் மாந்தரையும் பற்றும். 1997இல் ஹாங்காங் நகரில் அது 18 பேரைப் பற்றி, அவர்களுள் 6 பேரை மாய்த்தது. நோயைத் தடுக்க 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட கோழிகள் கொல்லப்பட்டன. ஆதலின், அறிஞர் புதிய படைக்கலங்களைத் தேடலாயினர்.

கேரளத்துத் தவளை ஒன்றின் தோற்சுரப்பில் அத்தகைய படைக்கலம் ஒன்று கிடைத்தது. ஆய்வாளர்கள் தவளையைக் கொல்லாமல் சுரப்பைத் திரட்டி, அதனை மீண்டும் அதன் இருப்பிடத்திலேயே விட்டனர். 2017இல் வெளியான அவ்வாய்வு, அப்பெப்டைடுக்கு உருமின் என்று பெயரிட்டது. களரிவீரர் சுழற்றும் வளையும் வாளாகிய உருமியை ஒட்டி அமைந்த பெயர் அது.

வைரசின் மேற்பரப்பில் காளான் போன்ற முளைகள் உள்ளன. முளையின் தலை அடிக்கடி மாறும். தண்டோ அத்துணை எளிதில் மாறுவதில்லை. உருமின் அத்தண்டையே பற்றி வைரசைச் சிதைக்கின்றது. எலிகளுக்கு மூக்கின் வழியாக அதனைச் செலுத்தியபோது, வைரசு தாக்கியும் அவற்றுட் பல உயிர் பிழைத்தன.

ஆயினும், உருமின் எச்1 என்னும் வகையை அழித்ததேயன்றி, எச்3 வகையை அழிக்கவில்லை. பறவைக் காய்ச்சலை விளைக்கும் எச்5 வகையைத் தாக்கவல்ல பெப்டைடுகளும் ஆராயப்படுகின்றன. உடலினுள் பெப்டைடுகள் விரைவில் சிதைந்துவிடுவது மற்றோர் இடர். ஆய்வுக்கூடத்தில் கிடைத்த வெற்றி, மருந்தாக நோயாளியின் கைக்கு வர நெடுங்காலம் ஆகும்.

அதற்குள் தவளைகள் எஞ்சியிருக்குமா? தவளை முதலிய நீர்நிலவாழ் உயிரினங்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இன்று அழியும் நிலையில் உள்ளன. குட்டையைத் தூர்ப்போர் தவளையை மட்டும் அழிப்பதில்லை. நாளைய மருந்தொன்றையும் உடன் புதைத்துவிடக்கூடும்.