நாற்பதாயிரம் ரூபாய் ஷூவும் நாகல்கேணிக் கிணறும்

போன தை மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்க, ஒரு ஜோடி ஷூ மட்டும் பேப்பர் விரித்து, உள்ளே பீரோ பக்கத்தில் பத்திரமாக இருந்தது. சீமந்தப் பெண்ணின் ஓர்ப்படியுடையது.

"என்ன விலைம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

"நாற்பதாயிரம் அத்தை. ஃபாரின் கம்பெனி."

"காலுக்கா, கழுத்துக்கா?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாததுன்னு டப்பாவிலேயே போட்டிருக்கு."

அத்தை விடவில்லை. "நான் வாக்கப்பட்டு வந்தது நாகல்கேணிக்கு. கிணத்துத் தண்ணியை வாயிலே வைக்க முடியாது. தோல் பளபளப்பாகிற கதையை எனக்கா சொல்றே?"

குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது என்பது பலருக்கு நினைவிருக்காது. முன்பெல்லாம் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் ஊற வைத்துத் தோலைப் பதப்படுத்துவார்கள். குரோமிய உப்பு வந்ததும் வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தோலும் மிருதுவாக இருந்தது. ஆனால் கழிவு நீர் எங்கே போகும்? நாகல்கேணி நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதைப் பிற்பாடு ஆய்வுகள் காட்டின.

பாலாற்றங்கரையில் இன்னும் மோசம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோல் தயாராகச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியோ கெட்டது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது கோர்ட். அப்போது நம் பகுதி அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டத் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், இழப்பீடு தனி. அந்த ஒரு ஜோடி ஷூவின் விலையில் நாலு தொழிற்சாலைகளின் அபராதத்தைக் கட்டிவிடலாம்!

அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, உண்மைதான். ஆனால் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் செத்துப் போனார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற குடும்பப் பெண்கள். சமையல் முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து ஊசி பிடிக்கிறார்கள். ஜோடிக்குக் கிடைப்பது ஒரு சில ரூபாய். பி.எஃப். கிடையாது; விரலில் ஊசி ஏறினால் வைத்தியச் செலவும் சொந்தம். கம்பெனிகள் காட்டும் சான்றிதழ்களில் 'லெதர் வொர்க்கிங் குரூப்' தணிக்கை நல்லதுதான். ஆனால் அது முக்கியமாகப் பார்ப்பது தோல் பதனிடும் இடத்துத் தண்ணீரையும் ரசாயனத்தையும்தான். திண்ணை வரை அது வராது.

சரி, தோலே இல்லாத ஷூ வாங்கலாமா? பல பிளாஸ்டிக் பூச்சுத்தான். ஓரிரு வருஷத்தில் உரிந்து குப்பைக்குப் போனால் மக்கவும் செய்யாது. பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்கும் தண்ணீர் வேண்டும், கழிவும் உண்டு. குரோமியம் இல்லை என்பதே லாபம்.

உடம்பு விஷயமும் இருக்கிறது. புது ஷூ போட்டுப் பாதத்தின் மேல்புறம் சிவந்து அரித்தால், 'வியர்வை' என்று பவுடர் போட்டு விட்டுவிடாதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. குரோமியம்-6 ஒவ்வாமையாக இருக்கலாம். ஐரோப்பாவில் 2015 மே முதல் ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் விற்கவே கூடாது. தோல் டாக்டரிடம் காட்டினால் 'பேட்ச் டெஸ்ட்' செய்து சொல்லிவிடுவார்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. மறுநாளே கம்பெனிக்கு மெயில் போட்டாள்: தோல் எந்த ஊரில் பதனிட்டது? கழிவு நீர் எங்கே போகிறது? மேல்பாகம் தைத்தவருக்கு ஜோடிக்கு என்ன கூலி? அடி தேய்ந்தால் மாற்றித் தருவீர்களா?

பத்து நாளில் பதில் வந்தது. இயற்கை மேல் அவர்களுக்குள்ள அன்பைப் பற்றி மூன்று பக்கம். ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. அடி மாற்றித் தருவார்களாம், மிலானுக்கு அனுப்பி வைத்தால்!

"நம்ம ரயில்வே ஸ்டேஷன் வாசல்லே உட்கார்ந்திருக்காரே, அவர்கிட்டே கொடு. நூறு ரூபாய் வாங்குவார்" என்றார் அத்தை.