அடையின் மேல் ஆடும் மீன்

செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் ஒரகடத்திலும் ஜப்பானிய நிறுவனங்கள் ஆலை நடத்துகின்றன. அங்கே வேலைக்கு வரும் ஒசாகாக்காரர் ஒருவர் நம் வீட்டு அடையைப் பார்த்தால் ‘ஒகோனோமியாகி’ என்று சொந்தம் கொண்டாடினாலும் ஆச்சரியமில்லை. கோதுமை மாவு, முட்டை, கைநிறைய நறுக்கிய முட்டைக்கோஸ், மேலே பன்றி இறைச்சி என்று இரும்புத் தகட்டில் வேகும் தடித்த அடை அது. ஜப்பானில் இதற்கென்றே சின்னச் சின்னக் குடும்பக் கடைகள் உண்டு. தகட்டை ஒட்டிய பலகையில் உட்கார்ந்து, கணவர் திருப்பிப் போடுவதையும் மனைவி குழம்பு தடவுவதையும் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஹிரோஷிமாவில் 1945க்குப் பிறகு, அரிசி கிடைக்காத காலத்தில் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றிய தெருக்கடைகள்தான் அந்த ஊர்ப் பாணியை வளர்த்தன.

முட்டைக்கோஸில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அடிப்பக்கம் மட்டும் காய்ந்து, சூடு அதற்கு மேலே ஏறும். அப்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் வரும். இந்த வினையை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மயார். உள்ளே கோஸ் தன் ஆவியிலேயே வெந்து இனிப்பாகிறது. ஒசாகாவில் கரண்டியால் அடையை அழுத்தினால் கடைக்காரர் முகம் சுளிப்பார்: காற்றும் ஆவியும் வெளியேறி அடை கல்லாகிவிடும். நாம் அடையின் நடுவே ஓட்டை போட்டு எண்ணெய் விடுவது இதற்கு நேர் எதிரான சாமர்த்தியம். அடிப்பக்க ஆவி வெளியேற வழி கிடைத்து, மொறுமொறுப்பு நடுவிலும் வருகிறது.

தட்டு வந்ததும் குழந்தைகள் அலறுவது வேறொன்றுக்காக. மேலே தூவிய மீன் சீவல்கள் உயிருள்ளவைபோல் நெளியும். ‘கட்சுவோபுஷி’ எனும் அந்தச் சீவல்கள் காகிதத்தைவிட மெல்லியவை, நன்கு உலர்ந்தவை. அடையின் ஆவி பட்டதும் நார்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் பருப்பதால் சீவல் வளைகிறது. மேலெழும் வெங்காற்று அதை அலைக்கழிக்கிறது.

அந்த மீன் நமக்குப் புதிதல்ல. சூரை இனத்தைச் சேர்ந்த, வயிற்றில் கருவரிகள் ஓடும் மீன் அது. கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கைச் சமையலறைகளில் மாசிக் கருவாடாக இருப்பதும் அதே மீன்தான். மாலத்தீவிலும் மினிக்காயிலும் அதை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். ஜப்பானியர் அதோடு நில்லாமல் வாரக்கணக்கில் புகைபோட்டு, பூஞ்சையும் வளர்த்து, மரக்கட்டைபோல் இறுக்கிவிடுகிறார்கள்.

கோவளம், சதுரங்கப்பட்டினம் மணலில் காயும் கருவாட்டின் சுவை ஏன் வேறு? உப்பும் வெயிலும் மட்டும் காரணமல்ல. மீன் செத்ததும் தசையின் ஆற்றல் பொருளான ஏடிபி படிப்படியாகச் சிதைந்து, சுவை தரும் இனோசினேட் ஆகிறது. நொதிகளை விட்டுவைத்தால் அதுவும் சிதைந்து, கடைசியில் கசப்புத் தரும் ஹைப்போசாந்தின் மிஞ்சும். மீனை முதலிலேயே வேகவைத்தால் நொதிகள் அழிந்துவிடும், இனோசினேட் அப்படியே தங்கிவிடும். மாசியின் ரகசியம் அந்தக் கொதிநீர்தான்.

கட்சுவோபுஷியின் சுவைக்குக் காரணம் இனோசினேட் என்று 1913இல் கண்டவர் ஷிந்தாரோ கொடாமா. ‘கொம்பு’ எனும் கடற்பாசியில் சுவை தரும் குளுட்டமேட்டை 1908இலேயே அடையாளம் கண்ட கிகுனாயே இக்கெதாவின் மாணவர் அவர். இரண்டும் சேர்ந்தால் நாக்கில் சுவை கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறும். தக்காளியிலும் குளுட்டமேட் தாராளம். அதனால் தக்காளித் தொக்கில் மாசித்தூளைத் தூவி அடைக்குத் தொட்டுக்கொள்வதும் அதே பெருக்கல்தான். சைவ உணவுக்காரர்கள் ஏமாற வேண்டாம்: உலர்ந்த ஷிட்டாக்கே காளானின் குவானிலேட்டும் குளுட்டமேட்டோடு அதே வேலையைச் செய்யும். என்ன, அது தட்டில் ஆடாது.