ஓர் எழுத்துப் பிழை

நுழையும்முன்

'கலை' என்னும் சொல்லில் ஓர் எழுத்து மாறினால் 'களை' ஆகும். அவ்விடத்தில் வேறோர் எழுத்து வந்தால் 'கழை' ஆகும். மாறியது ஓர் எழுத்துதான். ஆனால், பொருள் முற்றிலும் வேறாகிவிடுகிறது. மனித உயிரணுக்களில் பொதிந்துள்ள மரபுச் செய்தியும் இத்தகையதே. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைக் கொண்ட அச்செய்தியில் ஒரே ஓர் எழுத்து பிறழ்வதால் தோன்றும் நோயைப் பற்றியும், அதற்கு மூலக்கூறு உயிரியல் கண்ட தீர்வைப் பற்றியும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உயிரணுவின் எழுத்துகள்

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்னும் நான்கு காரங்களே அவ்விழையின் எழுத்துகள். இவை மும்மூன்றாக இணைந்து சொற்களாகின்றன. அவற்றுள் பெரும்பாலான சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்படும்போது புரதம் உருவாகிறது. உடலின் பெரும்பாலான பணிகளைச் செய்பவை புரதங்களே.

குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினும் ஒரு புரதம். நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைச் சுமந்து சென்று உடலெங்கும் சேர்ப்பது அதன் பணி. இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்ததே வளர்ந்த மனிதரின் ஹீமோகுளோபின். பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருத்தல் வேண்டும். அதற்குரிய மூன்றெழுத்துச் சொல்லின் நடுவிலுள்ள அடினைன் தைமினாக மாறிவிட்டால், அவ்விடத்தில் வாலின் என்னும் வேறோர் அமிலம் அமர்ந்துவிடுகிறது. இச்சிறு மாற்றமே கதிர் அரிவாள் சோகை என்னும் கொடிய நோய்க்கு வித்திடுகிறது.

தெரியுமா?
மரபுச் செய்தியின் மூன்றெழுத்துச் சொற்களைப் படித்துப் புரதத்தைக் கோக்கும் நுண்ணுறுப்பு ரைபோசோம். அதன் கட்டமைப்பையும் செயலையும் ஆராய்ந்தமைக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

வட்டு அரிவாளாகும் விதம்

இயல்பான சிவப்பணு, நடுவில் குழிந்த வட்டைப் போன்றது. அது நெகிழ்வுடையது, தன்னைவிடக் குறுகிய நுண்குழாயிலும் வளைந்து நெளிந்து சென்றுவிடும். பிறழ்ந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகளோ, ஆக்சிஜனை இழந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்த இழைகளாக நீள்கின்றன. அவை உள்ளிருந்து உந்துவதால் சிவப்பணு, கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைகிறது.

வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. குருதியோட்டம் தடைப்படும் இடத்தில் தாங்கவொண்ணா வலி எழுகிறது. நுரையீரல், சிறுநீரகம், மூளை, எலும்பு எனப் பல உறுப்புகள் படிப்படியாகப் பழுதடைகின்றன. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாள் அணுவோ 10 முதல் 20 நாள்களில் அழிந்துவிடும். அழியும் வேகத்துக்கு ஈடாகப் புதிய அணுக்கள் தோன்ற இயலாமையால் குருதிச்சோகை ஏற்படுகிறது.

வேரைத் தேடி

1910ஆம் ஆண்டு சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், நோயுற்ற இளைஞர் ஒருவரின் குருதியில் அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டு பதிவு செய்தார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும், நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் காட்டி, இதனை 'மூலக்கூறு நோய்' என்றனர். ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூற்றின் மாற்றத்தில் இருக்கிறது என்று மெய்ப்பிக்கப்பட்டது அப்போதுதான். தொடர்ந்து வெர்னான் இங்கிராம் 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் என்பதை நிறுவின.

இதற்கிடையே 1952இல், நீலகிரி மலைவாழ் பழங்குடியினரிடம் இம்மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதுவரை ஆப்பிரிக்க வழியினரின் நோயாகவே பெரிதும் கருதப்பட்ட ஒன்று, இந்திய மண்ணிலும் வேரோடியிருந்தது தெரியவந்தது.

தீங்கு தரும் மரபணு தலைமுறைகளைத் தாண்டி நிலைத்தது ஏன்? இதற்கு 1954இல் அந்தோணி அலிசன் விடையளித்தார். பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பிறழ்ந்த மரபணுவைப் பெற்றவர், பெரும்பாலும் நோயின்றி வாழ்வதோடு கடும் மலேரியாவிலிருந்தும் பாதுகாப்புப் பெறுகிறார். ஆகவே, மலேரியா மிகுந்திருந்த நிலங்களில் இம்மரபணு நிலைபெற்றது. இருவரிடமிருந்தும் அதைப் பெறும் குழந்தையே நோய்க்கு ஆளாகிறது. பெற்றோர் இருவரும் இம்மரபணுவைத் தாங்கியவராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

குழந்தைகள் தந்த குறிப்பு

நோயின் காரணம் தெரிந்தபின்னும் அதைத் தீர்க்கும் வழி நெடுங்காலம் புலப்படவில்லை. பொருத்தமான கொடையாளர் கிடைத்தவர்க்கு மட்டுமே எலும்பு மஜ்ஜை மாற்றம் கைகொடுத்தது. ஆயினும், தீர்வுக்கான குறிப்பு 1948ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. பிறந்த குழந்தைகளின் குருதியில் அரிவாள் அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கண்ட ஜேனட் வாட்சன் என்னும் மருத்துவர், கருவில் உருவான ஹீமோகுளோபினே அவர்களைக் காப்பதாகக் கருதினார்.

கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிக்கு மாற்றாகக் காமா சங்கிலி உள்ளது. பிறந்த சில மாதங்களில் காமா மரபணு அடங்கிப் பீட்டா மரபணு செயற்படத் தொடங்குகிறது. நோயும் அப்போதுதான் தலைகாட்டுகிறது. அடங்கிய மரபணுவை மீண்டும் எழுப்ப முடியுமானால், பிழையைத் தொடாமலேயே நோயை வெல்லலாம் அன்றோ?

அதனை அடக்கி வைக்கும் பூட்டு எது என்பது 2008இல் புலனாயிற்று. ஸ்டூவர்ட் ஆர்கின் தலைமையிலான குழுவில் விஜய் சங்கரன் உள்ளிட்டோர், பி.சி.எல்.11ஏ என்னும் புரதமே காமா மரபணுவை அடக்குகிறது எனக் காட்டினர்.

நுண்ணுயிரி தந்த கத்தரி

பூட்டைத் திறக்கும் கருவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பாக்டீரியா ஒன்றின் டி.என்.ஏ.வில் ஒரே தொடர் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டனர். கிரிஸ்பர் என்று பின்னர்ப் பெயர்பெற்ற இத்தொடர்களின் பயன் அப்போது விளங்கவில்லை. 2007இல், யோகர்ட் தயாரிக்கப் பயன்படும் பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள் அதன் பயனை மெய்ப்பித்தனர். தன்னைத் தாக்கிய வைரசின் மரபுத்துணுக்கைப் பாக்டீரியா அத்தொடர்களுக்கு இடையே சேமித்து வைக்கிறது. அதே வைரஸ் மீண்டும் வந்தால் அடையாளம் கண்டு வெட்டி எறிகிறது.

இதனை விரும்பிய இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கருவியாக மாற்றலாம் என 2012இல் இம்மானுவேல் ஷார்பென்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் காட்டினர். வழிகாட்டி ஆர்.என்.ஏ. உரிய இடத்தைத் தேடிச் சென்று பொருந்தும்; காஸ்9 என்னும் நொதி அங்கே வெட்டும். இதற்காக இருவரும் 2020ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

பூட்டைத் திறத்தல்

சிகிச்சையில் முதலில், நோயாளியின் குருதியிலிருந்து குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. சிவப்பணுக்கள் உருவாகும்போது பி.சி.எல்.11ஏ மரபணுவை முடுக்கிவிடும் பகுதி, ஆய்வகத்தில் கிரிஸ்பரால் வெட்டப்படுகிறது. பின்னர், கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜை அணுக்களை நீக்கித் திருத்திய அணுக்களைச் செலுத்துகின்றனர். அவை மஜ்ஜையில் குடியேறி, காமா சங்கிலி கொண்ட ஹீமோகுளோபினை உருவாக்குகின்றன. பிறழ்ந்த எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் தீங்கு மட்டும் தணிகிறது.

இச்சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேருள் 29 பேர் ஓராண்டேனும் தொடர்ச்சியாகக் கடும் வலித்தாக்குதலின்றி இருந்தனர்.

எட்டும் தொலைவில் உள்ளதா?

அமெரிக்காவில் இச்சிகிச்சையின் அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டாலர். மருத்துவமனையில் பல வாரங்கள் தங்கவும் வேண்டும். நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் வாழ்வதோ சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும் இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளிலும்தான். அறிவு பிறந்த இடத்துக்கும் அது தேவைப்படும் இடத்துக்கும் உள்ள இத்தொலைவைக் குறைப்பதும் அறிவியலின் கடமையே.

அதற்கான முயற்சிகள் இந்தியாவில் நடைபெறுகின்றன. 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிக்கும் இலக்குடன் தேசிய இயக்கம் ஒன்று 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. குருதிப் பரிசோதனையும் திருமணத்திற்கு முந்தைய மரபு ஆலோசனையும் அதன் கூறுகள். கருநிலை ஹீமோகுளோபினைப் பெருக்கும் ஹைட்ராக்ஸியூரியா என்னும் விலை குறைந்த மாத்திரையும் நோயின் கடுமையைத் தணிக்கிறது. தில்லியிலுள்ள மரபணுத்தொகையியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், குறைந்த செலவில் கிரிஸ்பர் சிகிச்சையை உருவாக்க முயன்று வருகின்றனர்.

மேலும் ஓர் எல்லையையும் நினைவிற்கொள்ள வேண்டும். இங்கே கண்ட திருத்தம் நோயாளியின் உடலணுக்களில் மட்டுமே நிகழ்வது. வழித்தோன்றல்களைச் சென்று சேராது. கருவிலேயே மரபணுவைத் திருத்தினால் அது தலைமுறைதோறும் தொடரும். 2018இல் சீனாவில் ஒருவர் அவ்வாறு செய்து குழந்தைகள் பிறக்கச் செய்தபோது உலக அறிவியலாளர்கள் கண்டித்தனர். அவருக்குச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது.

பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் கண்ட புதிரும், பச்சிளங்குழந்தைகளின் குருதியில் கண்ட வியப்பும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நாட்டில் எழுந்தவை. உடனடிப் பயன் கருதாது அவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்தமையால், நூறாண்டுகளுக்கு மேல் தீராதிருந்த நோய்க்கு வழி பிறந்தது. அவ்வழி மலையடிவாரக் குடியிருப்புகள்வரை நீளும்போதே அதன் பயன் முழுமையடையும்.