உங்களுக்குத் தெரியுமா? சூறைக்காற்றில் காற்றாலையை அடக்குவது பிரேக் அல்ல, இறக்கைதான்!

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் ஆடிக் காற்றில் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். நவீன ரகங்களில், காற்று நொடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தைத் தொட்டதும் மூன்று இறக்கைகளும் தத்தம் அச்சிலேயே ஏறத்தாழ 90 டிகிரி திரும்பிக்கொள்ளும். காற்றுக்குப் பிடி கிடைக்காது. சுழற்சி தானாக அடங்கும்.

• கரன்ட் போனாலும் இறக்கை திரும்பியாக வேண்டும். அதற்காகவே மூன்று இறக்கைகளும் கூடும் நடுக்குடத்துக்குள் பேட்டரியோ, மின்தேக்கியோ, அழுத்த எண்ணெய்க் கலனோ தயாராக இருக்கும். ஒவ்வோர் இறக்கைக்கும் தனித்தனி இயக்கம். ஒன்று பழுதானாலும் மற்றவை காப்பாற்றும். அருமையான ஏற்பாடு!

• காற்று வரும் திசைக்கெல்லாம் கோபுரத்தின் மேலிருக்கும் உச்சிப்பெட்டியும் திரும்பும். ஒரே பக்கமாகப் பல சுற்று போனால், கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுக்கிக்கொள்ளும். உடனே காற்றாலை நின்று, எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கைப் பிரித்துவிட்டுத்தான் மறுபடி ஓடும்.

• இறக்கையைத் திருப்பும் கருவிகளுக்கு விண்வெளித் துறையோடும் தொடர்பு உண்டு. 1951-ல் அமெரிக்காவில் தொடங்கிய மூக் நிறுவனம், விண்வெளி ஓடத்தின் எஞ்சின்களைத் திசைதிருப்பும் கருவிகளைச் செய்தது. காற்றாலை இறக்கைகளைத் திருப்பும் கருவிகளையும் செய்திருக்கிறது.