ஆடில்லாத வீட்டில் ஆட்டு நாய்

“பார்டர் கோலிதான் உலகிலேயே புத்திசாலியான நாயாமே, அதையே வாங்கிவிடலாமா?” செல்லப்பிராணிகள் பற்றிய நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் எழுந்த இந்தக் கேள்விக்கு நேரமின்மையால் சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. நேயர்களுக்காக இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புற மலைகளில் ஆடு மேய்ப்பதற்கென்றே உருவான இனம் இது. பெயரில் உள்ள ‘பார்டர்’ அந்த எல்லைதான். நார்தம்பர்லாந்தில் 1893இல் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற நாயை இந்த இனத்தின் மூதாதை என்கிறார்கள். அமைதியாக வேலை செய்யும் அந்த நாய்க்கு ஆடுகள் எளிதில் பணிந்தனவாம். இன்றும் பார்டர் கோலி குரைத்து விரட்டுவதில்லை. உடலைத் தாழ்த்திப் பதுங்கி, உற்றுப் பார்த்தே மந்தையை நகர்த்துகிறது.

உண்மையில் இது ஓநாயின் வேட்டைக் குணம். பதுங்குவதும் துரத்துவதும் அப்படியே இருக்க, கடித்துக் கொல்லும் கடைசிப் படியை மட்டும் மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக மழுங்கடித்துவிட்டார்கள். சரி, ஆடே இல்லாத வீட்டில் இந்தக் குணம் எங்கே போகும்? ஓடி விளையாடும் பிள்ளைகள், சைக்கிள், கார், சுவரில் அசையும் நிழல் எல்லாமே அதற்கு மந்தைதான். பிள்ளையின் குதிகாலை மெல்லக் கவ்வித் திருப்பப் பார்க்கும். பிள்ளை அழும். ‘நாய் கெட்டுப்போய்விட்டது’ என்று பெற்றோர் அதை வேறு யாருக்காவது கொடுக்கத் தேடுவார்கள். பாவம், அது தன் வேலையைத்தான் செய்தது.

சிங்கப்பூரில் வீவக வீடுகளில் இந்த இனத்திற்கு அனுமதி இல்லை. தரைவீட்டில் இருப்பவர்களும் ‘இடம் இருக்கிறதே’ என்று மட்டும் பார்த்தால் போதாது. ஓட்டத்தைவிட மூளைக்கு வேலை கொடுப்பது முக்கியம். மணிக்கணக்கில் பந்து வீசினால் பந்துப் பைத்தியம்தான் பிடிக்கும். ஒளித்து வைத்த உணவைத் தேடவிடுங்கள், பொருள்களின் பெயரைக் கற்றுக்கொடுங்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் பில்லி ‘சேசர்’ என்ற தமது பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்பித்து, அதுபற்றிய ஆய்வை 2011இல் வெளியிட்டார். (நமக்கோ சொந்தக்காரர்கள் பெயரே மறந்துபோகிறது!) ஆனால் அதற்குப் பின்னால் மூன்றாண்டுகள், தினமும் நான்கைந்து மணி நேரப் பயிற்சி இருந்தது. அதில் நான்கில் ஒரு பங்கு நேரமாவது நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி.

பரம்பரையாக வரும் கண் குறைபாடு, இடுப்பு மூட்டுக் கோளாறு, வலிப்பு ஆகியவை இந்த இனத்தில் உண்டு. குட்டியின் தாய், தந்தை இரண்டுக்கும் மரபணு, இடுப்புப் பரிசோதனைச் சான்றுகளைக் கேட்டு வாங்குங்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு ‘ஐவர்மெக்டின்’ மருந்து அதிக அளவில் சென்றால் உயிருக்கே ஆபத்து. ரஃப் கோலியில் பரவலான இந்தக் குறை பார்டர் கோலியில் அரிது. என்றாலும், உண்ணி, புழு மருந்துகளைக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட நம் ஊர் வெயில்தான் எனக்குப் பயம். இரட்டை அடுக்கு ரோமம் கொண்ட குளிர்நாட்டு நாய் இது. மொட்டையடிப்பது தீர்வல்ல, வெயில் நேரடியாகத் தோலைச் சுடும். விடிகாலையிலும் இருட்டிய பிறகும் வெளியே கொண்டுபோங்கள். களைத்தாலும் இந்த நாய் தானாக நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும். பின்னங்கால் தள்ளாடினாலோ, மூச்சிரைப்பு அடங்காவிட்டாலோ உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, காற்றுப்படச் செய்து மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.