காட்டுத்தீயும் அடிவாரக் குடியிருப்புகளும்

மாசி பிறந்தால் மலைச்சரிவுகளில் புல் காய்ந்து சருகாகிவிடுகிறது. அது முதற்கொண்டு கோடைமழை நன்கு பெய்யும் வரையில் அடிவாரக் கிராமங்களில் வாழ்வோருக்குத் தீயைப் பற்றிய கவலை நீங்குவதில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட தீ, மலையேறச் சென்றிருந்தோரில் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்ததை யாவரும் அறிவர். சரிவில் மேல்நோக்கிச் செல்லும் தீ, முன்னாலுள்ள புல்லைத் தன் வெப்பத்தால் உலர்த்திக்கொண்டே செல்வதால் அதன் வேகம் பெருகுகிறது. மேட்டில் ஏறி ஓடி அதை வெல்வது மனிதனால் இயலாது.

வீடுகள் எவ்வாறு பற்றுகின்றன என்பதில் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. காட்டின் தீச்சுவாலை வாசல் வரை வந்தால்தான் ஆபத்து எனக் கருதுகிறோம். எமது வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் தீ ஓடைக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. மக்களும் நிம்மதியுடன் வீடு திரும்பினர். ஒரு மணி நேரங்கழித்து ஊர் நடுவே ஒரு வைக்கோற்போர் புகைந்தது. அதனை ஒட்டியிருந்த மாட்டுக்கொட்டகையும் கூரை வீடும் சாம்பலாயின. காற்றில் பறந்து வந்த கங்குதான் காரணம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாரடைசு என்னும் ஊர் 2018 நவம்பரில் எரிந்து 85 பேர் மாண்டபோதும், பல வீடுகள் தரைமட்டமாகியிருக்க, அவற்றின் அருகிலிருந்த மரங்கள் பசுமை மாறாமல் நின்றன.

ஆகவே முதல் வேலை வீட்டைச் சுற்றியே தொடங்க வேண்டும். சுவரை ஒட்டி 5 அடி வரை சருகு, விறகு, பழைய சாக்கு எதுவும் இருத்தலாகாது. ஓட்டின் மேல் சேர்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளுக. ஓட்டிற்கும் சுவருக்கும் இடையேயுள்ள சந்துகளை மண்குழைத்துப் பூசி அடைத்தால் கங்கு உள்ளே புகாது. 30 அடிக்குள் உள்ள உண்ணிச்செடிப் புதர்களை வேரோடு களைய வேண்டும். வைக்கோற்போரைத் தள்ளி வைக்கச் சொன்னால், இரவில் மாட்டுக்குத் தீனி எடுக்க யார் நடப்பது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இரண்டு நாள் தேவைக்கு மட்டும் கொட்டகையருகில் வைத்துக்கொண்டு, மற்றதை 100 அடிக்கு அப்பால் போர் போடலாம்.

காட்டை அடுத்த பட்டா நிலத்தின் ஓரத்தை மாசிக்கு முன் நன்கு உழுது, புல்லின்றி வெறும் மண்ணாக வைத்தால் தரையில் ஊர்ந்து வரும் தீ அங்கே தடைப்படும். காப்புக்காட்டினுள் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது வனத்துறையின் பொறுப்பு. சனவரி 26ஆம் நாள் கூடும் கிராமசபையில் இதைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவது பஞ்சாயத்து உறுப்பினரின் கடமை. புதுப்புல் தழைக்குமென்று மேய்ச்சலுக்காகத் தீ வைப்பதும், தேனெடுத்தபின் பந்தத்தை அணைக்காமல் எறிவதும் நம்மவர் செயலே என்பதையும் அக்கூட்டத்தில் மறைக்காமல் பேச வேண்டும்.

தீ நெருங்கினால் முதியோர், குழந்தைகள், கருவுற்ற பெண்கள் முதலில் வெளியேறட்டும். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுக. நைலான் துணி உருகி உடலில் ஒட்டும், பருத்தியாடையே தக்கது. ஓடைப்பள்ளங்கள் புகைபோக்கி போலத் தீயை இழுக்குமாதலால் அவற்றினுள் இறங்கலாகாது. உழுத வயல், வறண்ட ஏரியின் நடுப்பகுதி, முன்பே எரிந்தாறிய நிலம் ஆகியவையே புகலிடம். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்னும் எண்களைப் பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில் எழுதி வைக்கலாம்.

புண்பட்ட இடத்தில் மையோ மாவோ தடவும் வழக்கம் இன்னும் உள்ளது. அது கெடுதலே. சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றி, தூய துணியால் மூடி மருத்துவமனைக்கு அனுப்புக. தீ அடங்கிய பின்னும் அன்றிரவு முழுவதும் இருவர் வீதம் முறைவைத்துக் கூரைகளையும் போர்களையும் சுற்றிப் பார்த்து வருதல் வேண்டும்.